பதினெட்டுப் பெட்டியில் ஒரு பிட்டு

மண்ணூர்பேட்டையில் அப்போதெல்லாம் சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் குண்டு பல்பு பழுத்த மிளகாய் நிறத்தில்தான் எரியும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரண்டாம் ஷிப்டு மிஷின்கள் ஓட ஆரம்பித்ததும் வீடுகளில் வோல்டேஜ் இறங்கிவிடும். டி.வி.யில் செய்தி வாசிக்கிறவரின் முகம் நாலு பக்கமும் சுருங்கித் தீப்பெட்டி அளவுக்கு வந்து நிற்கும். அதனால் அந்தப் பக்கத்தில் டி.வி. வாங்கியவர்கள் எல்லாரும் கூடவே ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கினார்கள். அதை வைத்து அப்துல் முத்தலிப் பாய் பிழைத்தார். பாயை வைத்து எட்டுப் பெண்கள் பிழைத்தார்கள். அந்த எட்டில் கடைசியாக வந்து சேர்ந்தவள் வடிவு. தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அவளுக்குப் பதினேழு வயது.

பாயின் ஷெட்டு ஒரு லேத்துப் பட்டறைக்குப் பின்னால் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நீளமாக ஒரு மேஜை, மேஜை முழுக்கச் சாம்பல் நிறத் தகரப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு டிரான்ஸ்பார்மர், வோல்டேஜை டக்கென்று மாற்றிவிடுகிற ஒரு ரிலே போர்டு, ஒயர்கள். மேலே மூடி. ஒரு பெட்டிக்கு மொத்தம் இருபத்திரண்டு ஸ்க்ரூ. அத்தனையும் கையால்தான். நாள் முழுக்க ஸ்க்ரூ டிரைவரைத் திருகித் திருகி எல்லாருக்கும் உள்ளங்கையில் கட்டை விரலுக்குக் கீழே காய்த்துப் போயிருந்தது. மருதாணி வைத்தால் அந்த இடம் மட்டும் கரிக்கட்டையாகக் கறுக்கும். கல்யாண வீட்டில் கையை நீட்டினால், "இன்னா, பாய் கம்பெனியா?" என்று கேட்டுவிடுவார்கள்.

மூடியதும் பெட்டியைத் தூக்கிக் காதோரம் வைத்து இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்க்க வேண்டும். இது பாய் போட்ட சட்டம். உள்ளே ஸ்க்ரூ எதுவும் விழுந்து கிடந்தால் கலகலவென்று சத்தம் கேட்கும். உடனே பிரித்து எடுத்துவிட வேண்டும். பெரிய கம்பெனியில்கூட இப்படிச் செய்வதில்லை என்று பாய்க்கு அதில் ஒரு பெருமை.

அந்த வருஷம் பொங்கலுக்கு அப்புறம் பாயின் மச்சான் ஹாஜா மொய்தீன் ஷார்ஜாவிலிருந்து வந்தபோது ஒரு பாட்டரி டிரில் கொண்டுவந்து கொடுத்தார். ஒயரே கிடையாது. பிடியின் அடியில் பாட்டரி. மூக்கில் ஆறு பட்டையாக ஒரு துளை. அதில் பிட்டைச் செருகித் துப்பாக்கியில் இருப்பது மாதிரியான குதிரையை அழுத்தினால் விர்ரென்று ஸ்க்ரூ இறங்கிவிடும். பிட்டு என்பது ஸ்க்ரூ டிரைவரின் முனை மட்டும்தான், விரல் நீளத்துக்கு. மூடிக்கு ஸ்டார் பிட்டு, ஒயர் முடுக்கப் பட்டை பிட்டு, நட்டுக்கு ஒரு குழிப் பிட்டு. வேலைக்குத் தகுந்த மாதிரி மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

மொத்தம் எட்டுப் பிட்டு வந்தன. வைக்கத்தான் இடமில்லை. மேஜையில் வைத்தால் உருண்டு ஒயர்க் குப்பையில் போய்விடும். அதனால் மூத்தவளான புஷ்பா கொண்டையில் செருகிக்கொள்வாள். பஞ்சவர்ணம் முந்தானையில் முடிந்துகொள்வாள். வளையலில் ஊக்கு மாட்டுகிற பழக்கத்தில் ஜமீலா வளையலோடு சேர்த்து ரப்பர் போட்டுக் கட்டிக்கொள்வாள். மற்றவர்கள் வாயில் கடித்துக்கொள்வார்கள். மூன்று மாதத்தில் ஐந்து பிட்டு காணாமல் போயின. ஒன்று பஞ்சவர்ணம் வீட்டுக் கிணற்றில் போனது நிச்சயம். புடவையை அலசும்போது டொப்பென்று சத்தம் கேட்டதாம்.

புதிதாக வாங்கலாம் என்றால் எங்கேயும் கிடைக்கவில்லை. பாய் பர்மா பஜார் வரைக்கும் போய்த் தேடிவிட்டு வந்து, மிச்சமிருந்த மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்தார்.

"இன்னும் ஒண்ணு போச்சுன்னா மிஷினு எங்க ஊட்டு பீரோவுக்குப் போயிடும். நீங்க பழையபடி கையாலயே திருகினு கெடங்க" என்றார்.

அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று மாதம் மிஷின் பிடித்த பிறகு மறுபடியும் ஸ்க்ரூ டிரைவரா என்று எல்லாரும் அவரவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

வடிவின் அண்ணன் ஓட்டை டேப் ரிக்கார்டர் ஒன்றைப் பரணில் போட்டுவைத்திருந்தான். அவள் அதன் ஸ்பீக்கரை உடைத்து உள்ளே இருந்த காந்தத்தைப் பெயர்த்து எடுத்தாள். சைக்கிள் டியூபில் வளையம் மாதிரி இரண்டு துண்டு வெட்டிக்கொண்டாள். மறுநாள் ஷெட்டில் மிஷினின் பாட்டரிக்கு மேலே காந்தத்தை வைத்து, டியூபை இழுத்து மாட்டி, அதன் மேல் பிட்டுகளை வைத்தாள். மூன்றும் டக் டக்கென்று ஒட்டிக்கொண்டன. மிஷினைத் தலைகீழாகப் பிடித்தாள். விழவில்லை.

புஷ்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஷார்ஜாக்காரனுக்குத் தோணல, பர்மா பஜார் சுத்தின பாய்க்குத் தோணல, இந்தச் சுண்டைக்காய்க்குத் தோணிச்சி பாரு" என்றாள். கொண்டையை அவிழ்த்து, அதிலிருந்த பிசுக்குப் போகிற மாதிரி உதறி, மறுபடியும் முடிந்துகொண்டாள். அதிலிருந்து மிஷின் பிடிக்கிற வேலை வடிவுக்கே வந்துவிட்டது.

இப்போது வருகிற மிஷின்களில் இதெல்லாம் கடையிலேயே அமைந்து வருகிறது. அடியில் ஒரு பள்ளம், பக்கத்தில் ஒரு கொக்கி, தனியாகக் கேட்டாலும் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த ஒரு துண்டுக் காந்தத்தைப் பார்க்க லேத்துப் பட்டறையிலிருந்துகூட ஆள் வந்தார்கள்.

காந்தத்தில் இன்னொரு லாபமும் இருந்தது. அதன் மேலேயே கிடந்து கிடந்து பிட்டுகளுக்கும் காந்தம் ஏறிவிட்டது. முனையில் ஸ்க்ரூ தானாக ஒட்டிக்கொண்டு நின்றது. சாயங்காலம் பிட்டுகளை எண்ணி பாயிடம் ஒப்படைக்கிற வழக்கம் இருந்தது. இனி எங்கே போகப்போகிறது என்று அந்த எண்ணிக்கையையும் விட்டுவிட்டார்கள்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நசரத்பேட்டை கஜபதியின் கடைக்குப் பதினெட்டுப் பெட்டி போக வேண்டியிருந்தது. வடிவு பதினெட்டுக்கும் வரிசையாகப் பட்டை பிட்டால் ஒயரை முடுக்கினாள். பட்டையைக் கழற்றிக் காந்தத்தில் ஒட்டிவிட்டு ஸ்டாரைப் போட்டாள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மூலையில் ஒரு ஸ்க்ரூ உண்டு. அதற்கு மிஷினையே உள்ளே சாய்த்துப் பிடிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்துப் பதினெட்டையும் முடித்தாள். மூடி போட்டாள். புஷ்பாவும் ஜமீலாவும் ஆட்டிப் பார்த்தார்கள். பஞ்சவர்ணம் ஒவ்வொன்றிலும் பல்பு மாட்டி எரியவிட்டுப் பார்த்தாள். ஐந்து மணிக்கு டெம்போ வந்து ஏற்றிக்கொண்டு போனது.

ஐந்தரைக்கு மிஷினைத் துடைத்துப் பெட்டியில் வைக்கும்போதுதான் வடிவு பார்த்தாள். காந்தத்தின் மேல் குழிப் பிட்டு மட்டும் இருந்தது. மூக்கில் ஸ்டார். பட்டையைக் காணவில்லை.

மேஜைக்கு அடியில் குனிந்து தேடினாள். ஒயர்க் குப்பையைக் கொட்டிப் பார்த்தாள். கூட்டின இடத்தையே மறுபடியும் கூட்டினாள்.

"இன்னாடி தேடுற?" என்றாள் புஷ்பா.

"ஊக்குக்கா" என்றாள் வடிவு. வாயில் அதுதான் வந்தது.

பாய் வந்து மிஷின் பெட்டியை எடுத்துக்கொண்டு பூந்தமல்லியிலிருந்த தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். திறந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது, டன்லப் கம்பெனிப் பக்கமாகத் திரும்புகிற இடத்தில், வடிவுக்கு விஷயம் பிடிபட்டது. மிஷினைச் சாய்த்துப் பிடித்தபோது பிடியின் அடி டிரான்ஸ்பார்மரை உரசிக்கொண்டுதான் போயிருக்கும். டிரான்ஸ்பார்மர் முழுக்க இரும்புத் தகடு. பிட்டுக்கோ காந்தம் ஏறியிருக்கிறது. கையிலிருந்த காந்தத்தை விட்டுவிட்டு அந்த இரும்பில் போய் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டதால் ஆட்டினபோது சத்தமே வரவில்லை.

அவள் குடியிருந்தது ஒரே கூரையின் கீழ் ஆறு வீடுகள் கொண்ட காம்பவுண்டு. ஜமீலாவின் வீடும் அங்கேதான். கோடையில் பெண்கள் எல்லாரும் வீட்டுக்காரரின் மொட்டை மாடியில்தான் படுப்பார்கள். இரவு பத்து மணிக்கு இரண்டாம் ஷிப்டு முடிந்து எஸ்டேட்டு மிஷின்கள் நின்றதும் வோல்டேஜ் சட்டென்று ஏறும். கீழே ஒவ்வொரு வீட்டிலும் ஸ்டெபிலைசர் டக், டக்கென்று மாற்றிக்கொள்ளும். மற்ற நாளில் அதைக் கேட்டால் வடிவுக்குத் தூக்கம் வரும். அன்றைக்கு ஒவ்வொரு டக்குக்கும் புரண்டு புரண்டு படுத்தாள்.

"ஏண்டி இப்டிப் பொரண்டுகினே கீற? பாயி கிழியப் போவுது" என்றாள் பக்கத்தில் படுத்திருந்த ஜமீலா.

"ஜமீலா, ஒண்ணு சொல்றேன். கத்தாத."

"எவனயாச்சும் லவ்வு பண்றியா?"

"சீ. பட்டை பிட்டு காணோம்."

ஜமீலா எழுந்து உட்கார்ந்தாள். வடிவு படுத்தபடியே, வானத்தைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். ஊக்கு என்று பொய் சொன்னதையும் சொன்னாள்.

"ஆட்டிப் பாத்தோமேடி. ஒரு பொட்டியும் சத்தம் போடலியே."

"அதாண்டி பயமா கீது. போற வழில வண்டி குலுங்கி ரிலே மேல வுழுந்துச்சின்னு வெய்யி, பொட்டி முச்சூடும் கரண்ட் ஏறிடும். தகரப் பொட்டிதான. எவ ஊட்லயோ எவளோ ஈரக் கையோட வந்து தொடுவா."

"மூணு பின்னு பிளக்கு போட்டிருந்தா பியூஸு போயிடும்."

"எவன் ஊட்லடி மூணு பின்னு கீது? உங்க ஊட்ல கீதா?"

ஜமீலா கீழே தன் வீட்டுப் பக்கம் பார்த்தாள். அவர்கள் வீட்டில் இரண்டு ஒயரை வெறுமனே ஓட்டையில் செருகி, தீக்குச்சி வைத்து இறுக்கியிருந்தார்கள்.

"பாய் கிட்ட சொன்னா மிஷினு பீரோவுக்குப் போவும்" என்றாள் ஜமீலா. "அப்பறம் புஷ்பாக்கா உன்ன உப்புக்கண்டம் போட்டுடும். எட்டு பேரு கை காய்க்கறதும் உன்னாலன்னு சொல்வாங்க."

"தெரியும்."

"சொல்லாம வுட்டா ஒருவேள ஒண்ணும் ஆவாது. ஒட்டிக்கினது அப்டியே ஒட்டிக்கினு கெடக்கும்."

"ஒருவேள" என்றாள் வடிவு.

கீழே யார் வீட்டிலோ மறுபடியும் டக்கென்றது. அப்புறம் ஜமீலா போர்வையை இழுத்துத் தலை வரைக்கும் மூடிக்கொண்டு, உள்ளேயிருந்து, "காத்தால எத்தினி மணிக்கு பூந்தமல்லி பஸ்ஸு?" என்று கேட்டாள்.

பூந்தமல்லியில் பாயின் வீட்டுக்குப் போனபோது மணி பத்து. பாய் ஒரு நிக்காவுக்குப் போயிருந்தார். அவர் மனைவி ரோஷன் பேகம் இரண்டு பெண்களையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சேமியா கொடுத்து, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டாள். பாயிடம் சொல்ல வேண்டும் என்றாள் வடிவு. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. இதற்குள் கஜபதி கடை திறந்து எத்தனை பேர் வந்து போனார்களோ என்று நினைத்து எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

பாய் இரண்டு மணிக்கு வந்தார். கல்யாண பிரியாணியின் தூக்கக் கலக்கத்தோடு சிரித்தார்.

"இன்னாம்மா, ஞாயித்துக்கெழமகூட மிஷினு கேட்டு வந்துட்டியா?"

வடிவு ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆட்டிப் பாத்தீங்களா?" என்றார் பாய்.

"பாத்தோம் பாய். ஒட்டிக்கினா சத்தம் வராது பாய்."

பத்து வருஷமாக ஆட்டி ஆட்டி அனுப்பின பெட்டிகளெல்லாம் பாயின் கண் முன்னால் வரிசையாகப் போயிருக்கும். பீரோவைத் திறந்து மிஷின் பெட்டியை எடுத்தார். காந்தத்தைப் பார்த்தார். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கி, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி ஆட்டோவை நிறுத்தினார்.

நசரத்பேட்டையில் கஜபதியின் கடை பெங்களூர் ரோட்டின் மேலேயே இருந்தது. லாரி போகும்போதெல்லாம் மேலே தொங்குகிற பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். கஜபதி அப்போதுதான் சாப்பிட்டு வந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் விக்கல பாய். அல்லாம் அப்டியே பின்னாடிதான் அடுக்கி வெச்சிகீது. இன்னா மேட்டரு?"

"ஒரு சின்ன செக்கிங்கு" என்றார் பாய்.

கடைக்குப் பின்னால் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். வடிவு மிஷினால் மூடிகளைக் கழற்றினாள். ஒரு மூடிக்கு எட்டு ஸ்க்ரூ. ஜமீலா உள்ளே விரலைவிட்டு டிரான்ஸ்பார்மரைச் சுற்றித் தடவினாள். பாய் டார்ச் அடித்தார். முதல் பெட்டியில் இல்லை. இரண்டாவதில் இல்லை. ஒன்பதாவது பெட்டியில் மிஷின் இழுக்க ஆரம்பித்து, முனகி, நின்றது. பாட்டரி தீர்ந்துவிட்டது. கஜபதியிடம் இரண்டு ஸ்க்ரூ டிரைவர் வாங்கிக் கையால் திருகினார்கள். பதினைந்து. பதினாறு. வடிவுக்குப் பழைய காய்ப்பு இருந்த இடத்தில் தோல் எரிந்தது.

பதினேழுக்கு அப்புறம் சாக்கில் பெட்டி இல்லை.

"பதினெட்டு எங்கப்பா?" என்றார் பாய்.

கஜபதி அடுக்கைப் பார்த்தான், பரணைப் பார்த்தான், பிறகு ரோட்டுக்கு எதிரே சைக்கிள் கடையில் அரட்டை அடித்துக்கொண்டிருந்த தன் தம்பியைக் கூப்பிட்டான்.

"ஏண்டா, நான் சாப்புடப் போனப்போ எதனா வித்தியா?"

"ஆமா. ஸ்டெபிலைசர் ஒண்ணு. நான்தான் சொல்லணும்னு நெனச்சிகினே இருந்தேன்."

"ஆருக்குடா?"

"குத்தம்பாக்கம் ஆளு. பக்தவத்சலமாம். இன்னிக்குப் படத்துக்குள்ள மாட்டணும்னு சைக்கிள்ல கட்டிகினு போனாரு."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படம். பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறேகால். படம் ஓட ஆரம்பித்து வெகு நேரம் ஆகியிருந்தது.

பிரித்துப் போட்ட பெட்டிகளை மூடுவதற்கு ஜமீலாவை விட்டுவிட்டு, பாயும் வடிவும் அதே ஆட்டோவில் கிளம்பினார்கள். குத்தம்பாக்கத்துக்குத் திரும்புகிற ரோட்டில் பள்ளத்துக்குப் பள்ளம் வண்டி எகிறியது. இதே பள்ளங்களில்தான் பெட்டியும் சைக்கிள் கேரியரில் எகிறிப் போயிருக்கும். வடிவு முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாய் உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டு வந்தார்.

வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஊர் முழுக்க வெறிச்சென்று கிடந்தது. ஒரே ஒரு வாசலில் மட்டும் நாற்பது ஜோடி செருப்பு. ஆட்டோ நிற்பதற்குள் வடிவு குதித்து ஓடினாள். பாய்க்கு முழங்கால் வலி, பின்னால் விந்தி விந்தி வந்தார்.

உள்ளே இருட்டு. கூடம் நிறையத் தலைகள். ஜன்னல் விளிம்பில்கூடப் பிள்ளைகள் தொற்றிக்கொண்டிருந்தார்கள். டி.வி.யில் ஒரு அம்மா அழுதுகொண்டிருந்தாள், கூடத்தில் பாதிப் பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. அதற்கு ஒட்டினாற்போல் ஒரு பெண் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் கால் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி ஆடிக்கொண்டிருந்தது.

வடிவு வாசலில் நின்றாள். அழுகைச் சத்தத்துக்கும் பின்னணி இசைக்கும் அடியில் இன்னொரு சத்தம் அவள் காதில் விழுந்தது. ட்ர்ர்ர் என்று, டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி. நல்ல ஸ்டெபிலைசர் அப்படி இரையாது. கரண்ட் ஓடும்போது டிரான்ஸ்பார்மர் லேசாக அதிரும். அதன் மேல் ஏதாவது இரும்பு ஒட்டிக்கொண்டிருந்தால்தான் இப்படி இரையும்.

கேட்டு, சொல்லி, புரியவைத்து என்பதற்கெல்லாம் அவளுக்கு நேரமில்லை. தலைகளுக்கு நடுவே யார் மடியையோ மிதித்துக்கொண்டு நேராகப் போனாள். சுவரில் செருகியிருந்த பிளக்கைப் பிடித்துப் பிடுங்கினாள்.

டி.வி. ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது.

"கரண்ட் போச்சா?"

"கரண்ட் போவல. தெருவுல லைட்டு எரியுது பாரு."

"யாரோ பொண்ணு புடுங்கிடுச்சுபா."

"எவடி அவ? எந்த ஊட்டுப் பொண்ணு?"

"அடப் பாவி, புள்ள யாருன்னு இப்பத்தான சொல்லப் போறா."

யாரோ விளக்கைப் போட்டார்கள். நாற்பது முகமும் அவளைப் பார்த்தன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்காரர் பக்தவத்சலம் எழுந்து வந்தார்.

"யார்மா நீ? ஏன் புடுங்கின?"

வடிவு பிளக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "இத மாட்னது நான்தான். உள்ள ஒரு பிட்டு வுட்டுட்டேன். மொதல்ல அந்தப் புள்ளயத் தூக்குங்க. யாரும் பொட்டியத் தொடாதீங்க" என்றாள்.

கைக்குழந்தைக்காரி பின்னால் நகர்ந்தாள்.

"இன்னாத்த வுட்டுட்ட?" என்றார் பக்தவத்சலம். "அது நல்லாத்தான ஓடிச்சி. உர்ர்ருன்னு பலமா ஓடுது, நல்ல மிஷின் போலன்னு இப்பத்தான் சொல்லிகினு இருந்தேன்."

அதற்குள் பாய் மூச்சிரைக்க வாசலுக்கு வந்துவிட்டார். "மன்னிச்சிக்கணும். நான்தான் கம்பெனிக்காரன். தப்பு எங்களுது" என்றார்.

"என்னுது" என்றாள் வடிவு.

பெட்டியைத் தூக்கி விளக்குக்கு அடியில் வைத்தாள். கையோடு கொண்டுவந்திருந்த கஜபதியின் ஸ்க்ரூ டிரைவரால் எட்டு ஸ்க்ரூவையும் கழற்றினாள். கூடமே எழுந்து வந்து சுற்றிக்கொண்டது. மூடியைத் தூக்கினாள்.

பட்டை பிட்டு அங்கேதான் இருந்தது. டிரான்ஸ்பார்மரின் மேல் விளிம்பில், பாதி உடம்பு வெளியே நீட்டிக்கொண்டு. அதிர்ந்து அதிர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்கு நகர்ந்து வந்திருந்தது. அதன் முனைக்கு நேர் கீழே, ஒரு நெல் நீளம் இடைவெளியில், ரிலேயின் பித்தளைக் கால்கள்.

பாய் டார்ச்சை அணைத்தார். உடனே மறுபடியும் போட்டுப் பார்த்தார்.

வடிவு இரண்டு விரலால் பிட்டைப் பிடித்து இழுத்தாள். இரும்பு விடமாட்டேன் என்று ஒரு நொடி பிடித்துவைத்துக்கொண்டு, அப்புறம் விட்டது. சுட்டது. அதை உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் காட்டினாள்.

"இத்துனூண்டா?" என்றது ஒரு கிழவியின் குரல். "இதுக்கா படத்த நிறுத்தின?"

"சும்மா இரு ஆயா" என்றாள் கைக்குழந்தைக்காரி. குழந்தையின் காலைத் தன் முந்தானைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள்.

பக்தவத்சலம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பித்தளைக் கால்களைப் பார்த்தார், குழந்தை உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். சண்டை போடுவதற்காக மடித்துக் கட்டிய வேட்டியை மெதுவாக அவிழ்த்துக் கீழே விட்டார். "இத எடுத்துகினு போங்க, எனக்கு வோணாம்" என்றுதான் முதலில் சொன்னார். பின்னாலிருந்து நாலு பேர், "அது இல்லன்னா படம் எப்டித் தெரியும்? மொகமே தெரியாம எலி மாதிரி ஓடும்" என்று கத்தினார்கள். அவர் வடிவைப் பார்த்தார்.

"வேற எதனா உள்ள வுட்டிருக்கியா?"

"இல்ல. நீங்களே பாருங்க."

பார்த்தார். நாற்பது பேரும் முறை வைத்துப் பார்த்தார்கள். அப்புறம்தான் மூட விட்டார்கள்.

அவள் மூடியை முடுக்கிக்கொண்டிருக்கும்போது பாய் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாளைக்கு அந்தக் காந்தத்த கழட்டிடு."

"சரி பாய்." ஒரு ஸ்க்ரூ முடுக்கி முடித்த பிறகு கேட்டாள், "மிஷினு, பாய்?"

"மிஷினுக்கு இன்னா? டியூபுலயே ஓட்ட போட்டு பிட்டச் சொருகற மாரி எதனா பண்ணு. இறுக்கமா நிக்கணும். சாயங்காலம் நீயே எண்ணு, எனக்கு முன்னாடி." டார்ச்சைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நேத்தே சொல்லியிருந்தா கடைலயே முடிஞ்சிருக்கும். ஊக்காம், ஊக்கு" என்றார். ஆட்டோவில் வரும்போது அதையும் அவரிடம் சொல்லியிருந்தாள்.

பிளக்கைச் செருகினாள். டி.வி. சூடேறி முகங்கள் திரும்பி வர அரை நிமிஷம் ஆனது. ஸ்டெபிலைசர் டக்கென்று ஒரு தடவை மாற்றிக்கொண்டு, அப்புறம் வாயைத் திறக்கவில்லை. யாரோ விளக்கை அணைத்தார்கள். கூடத்தைத் தாண்டி வாசலுக்குப் போக வழியில்லை. எல்லாரும் பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். "மறைக்காத, குந்து, குந்து" என்று பின்னாலிருந்து அதட்டல் வந்தது. வடிவு இருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். பாய் நிலைப்படியில் சாய்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

வடிவு பிட்டை இன்னும் கைக்குள் இறுக்கி மூடியிருந்தாள். கைக்குழந்தைக்காரி அதைப் பார்த்தாள். குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து, வடிவின் காதருகே வாயை வைத்தாள்.

"அதோ நிக்கிறான் பாரு மீசக்காரன், அவன்தான் மூத்தவன். அவன சின்னதுலயே திருவிழாவுல தொலச்சிட்டாங்க. இவளுக்கு அது தெரியாது" என்று முதலிலிருந்து படத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.